தண்டவாளம் முடியும் இடம் – 7: 53 நாட்கள்

டெல்லி, 1964 அக்டோபர் 30.

மேசைக்கு இந்தப் பக்கம் லால் பகதூர் சாஸ்திரி. பிரதமராகி ஐந்து மாதம்கூட நிறையவில்லை. அந்தப் பக்கம் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. ஒப்பந்தம் முடிந்தது. இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாகக் கிடந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் 15 ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். பிரிக்கப்பட்டவர்கள் சார்பில் பேச அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. எந்த வழியாக அனுப்புவது?

அதை யாரும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 50 வருடமாகப் பழகிய வழி ஒன்று இருந்தது. மலைநாட்டில் ரயிலேறித் தலைமன்னார், அங்கே கப்பல், கடலைத் தாண்டியதும் தனுஷ்கோடி. கப்பல் விட்டு இறங்கினால் ரயில் தயாராக நிற்கும். பாட்டனும் பூட்டனும் போன அதே வாசல் வழியாகப் பேரனும் பேத்தியும் திரும்பி வரப்போகிறார்கள் என்றுதான் அன்று எவரும் நினைத்திருப்பார்கள்.

அந்த வாசலுக்கு அப்போது மிச்சமிருந்த ஆயுள் 53 நாட்கள்.

சென்ற வாரம் 1914-ல் நிறுத்தியிருந்தோம். பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 145 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்து எழும் ஷெர்சர் தூக்குப்பாலம். ராமேஸ்வரம் தீவில் கால்வைத்த ரயில் பாதை, பாம்பனில் இரண்டாகக் கிளை பிரிந்தது. ஒரு கிளை ராமநாதசுவாமி கோயிலை நோக்கி. இன்னொன்று தீவின் தென்கிழக்கு மூலைக்கு, கடலுக்குள் நீண்டு மெலிந்துகொண்டே போகும் மணல்திட்டுக்கு. இந்த இரண்டில் எது முக்கியக் கிளை என்று இன்றைய வாசகரைக் கேட்டால் கோயில் பக்கம் கைகாட்டுவார். ரயில்வேக்கு முக்கியம் தனுஷ்கோடிதான். சவுத் இந்தியன் ரயில்வே இத்தனை செலவு செய்து கடலின் மேல் பாலம் போட்டது கொழும்புக்காக.

ராமர் பாலத்து மணல்திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு இலங்கையைத் தொட்டுவிடலாம் என்றுகூட அப்போது ஒரு திட்டம் இருந்தது. செலவு மிரட்டியதால் கைவிட்டார்கள். பாலத்துக்குப் பதில் கப்பல் வந்தது. சென்னை எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். ரயில், கப்பல், மறுபடி ரயில். எல்லாம் ஒரே பயணம். அதனால்தான் போட் மெயில் என்ற பெயர். கப்பல் நின்று, தனுஷ்கோடி அழிந்து, மீட்டர் கேஜ் பாதையும் போன பிறகு, இன்றும் ராமேஸ்வரம் போகும் அந்த இரவு ரயிலை நம் ஜனங்கள் போட் மெயில் என்றே கூப்பிடுகிறார்கள்.

தனுஷ்கோடி ஸ்டேஷன் இருந்த நிலத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். வடக்கே பாக் நீரிணைக் கடல். அலை அடங்கிக் கிடப்பதால் அந்தப் பக்கத்து மீனவர்களுக்கு அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா; அது ஆண் கடல். நடுவில் ஒரு மணல் நாடா. சில இடங்களில் அங்கிருந்து இரண்டு கடலும் ஒரே பார்வையில் தெரியும். அந்த நாடாவின் மேல்தான் ஸ்டேஷன், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, துறைமுக அலுவலகம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. கடலில் கிடைத்த பவளப்பாறைக் கல்லை வெட்டி எடுத்தே சுவர் எழுப்பினார்கள். குடிநீர் இந்த ஊரின் ஆச்சரியம். இருபுறமும் உப்புக் கடல் கிடக்க, மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். இன்றும் அங்கே வாழும் மீனவப் பெண்கள் அப்படித் தோண்டிய ஊற்றில்தான் குடம் நிறைக்கிறார்கள்.

இனி, அந்தப் பிளாட்பாரத்தில் நடந்தவர்கள் யார்?

போட் மெயில் என்றதும் எல்லாரும் முதல் வகுப்பைத்தான் எழுதுகிறார்கள். தொப்பி வைத்த துரைமார், கொழும்பில் கடை வைத்திருந்த செட்டியார்கள், தீர்த்தமாட வந்த ஜமீன்தார்கள். அவர்களும் போனார்கள்தான். ஆனால் தனுஷ்கோடியின் 50 வருடக் கதையில் அவர்கள் சிறுபான்மை. இந்த ஸ்டேஷனின் உண்மையான பயணிகள் மூன்றாம் வகுப்பில், மூட்டையும் பிள்ளையுமாக வந்தவர்கள். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த கூலிகள். பெரும்பாலும் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

பாலம் வருவதற்கு முன்பே இந்தக் கடலைத் தாண்டியவர்கள்தான் அவர்கள். தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நாள்கணக்கில் நடந்து மாத்தளைக்குப் போய்ச் சேர்வார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சம் தமிழ்க் கிராமங்களைக் காலிசெய்தபோது அந்த வரிசை இன்னும் நீண்டது. ரயிலும் கப்பலும் சேர்ந்து அந்த நடையை ஒழித்தன. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. போகிறவர்களுக்கு வழியில் சாவு குறைந்தது. இரண்டுமே உண்மை. எந்த நோக்கத்துக்காக இந்தப் பாதை போடப்பட்டது என்பதும் உண்மை.

ஏறுவதற்கு முன் மண்டபம் முகாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலக்கரையில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. நம் மண்ணில் அயல் அரசாங்கத்தின் முகாம். கூலிகளைச் சில நாள் அடைத்துவைத்து, காலராவோ அம்மையோ பிளேக்கோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரயிலேற்றுவார்கள். அம்மை குத்துவார்கள். துணிமணியைப் புகைபோட்டுக் கிருமி நீக்குவார்கள். ரயில்வே கால அட்டவணையில் இன்றும் மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயரின் பூர்வீகம் இதுதான்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலியின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கும். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். கையெழுத்துத் தெரியாத மனிதர் வழியில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வில்லையைப் பார்த்து அதிகாரிகளே கைமாற்றிவிடுவார்கள். அந்தச் செலவு முழுவதும் கணக்கில் ஏறி, போய்ச் சேரும்போதே கடனாளியாக இருப்பார். கடனை எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு ஆளையே தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றும் முறை 1921-ல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கரையில் காத்திருந்த கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னாளில் இர்வின், கோஷன். எல்லாம் வைஸ்ராய்கள், கவர்னர்கள். கப்பல்களுக்கு மனிதர்களின் பெயர் இருந்தது. அதில் ஏறிய மனிதர்களுக்கு எண் இருந்தது. தனுஷ்கோடியைப் பற்றி இந்தத் தொடரில் நான் சொல்ல விரும்புவதை இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம். ஒரே ஒரு இரவுக்காக மட்டும் இந்த ஸ்டேஷனை நினைவு வைத்திருக்கிறோம். அதன் 50 வருடப் பகல்களை, அந்தப் பகல்களில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் இலங்கையின் மலைகளைத் தேயிலையாக்கியவர்களை மறந்துவிட்டோம். அது நியாயமில்லை.

1939-ல் இந்திய அரசு தோட்டக் கூலிகள் இலங்கை போவதற்குத் தடை போட்டது. 1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. பாஸ்போர்ட், விசா, சோதனை என்று கடல் அகலமாகிக்கொண்டே போனது. போட் மெயில் ஓடியது, கப்பல் ஓடியது. ஆனால் பழைய கூட்டம் இல்லை. பிறகுதான் 1964 அக்டோபர் ஒப்பந்தம். 5,25,000 பேர் வரப்போகிறார்கள். ஓய்ந்துகொண்டிருந்த ஸ்டேஷனுக்கு அதன் வாழ்நாளிலேயே பெரிய வேலை காத்திருந்தது.

டிசம்பர் 17. அந்தமானுக்குத் தெற்கே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 19-ஆம் தேதி அது புயலாக வலுத்தது. வடக்கே திரும்பி ஆந்திரக் கரைக்கோ வங்காளத்துக்கோ போயிருக்கலாம். புயல் இவ்வளவு தெற்கே வருவது அபூர்வம். இந்தப் புயல் திரும்பவே இல்லை. கோடு போட்டதுபோல் மேற்கு நோக்கியே வந்தது. 22-ஆம் தேதி இலங்கையின் வட பகுதியில் வவுனியா பக்கமாக நிலத்தை உழுதுகொண்டு கடந்தது. நிலத்தைத் தாண்டினால் புயல் தளரும் என்பது பொது விதி. குறுகலான அந்தத் தீவு முனையைத் தாண்டி மறுபடி கடலில் இறங்கியபோதும் அதன் வேகம் தணியவில்லை. முன்னே இருந்தது தனுஷ்கோடி.

அன்றிரவு பாம்பன் ஜங்ஷனில் 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி நின்றிருந்தது. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் உள்ளூர் வண்டி, 6 பெட்டிகள். ஏறியிருந்தவர்கள் 110 பயணிகள், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்று பிறகு சொன்னார்கள். மணி 11.55. மழை, காற்று. கார்டு விளக்கைக் காட்டினார். வண்டி கிளம்பியது.

பாம்பனிலேயே நிறுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. ஆனால் 1964-ஐ நினைத்துப்பாருங்கள். செயற்கைக்கோள் படம் பார்த்து மணிக்கொரு தரம் எச்சரிக்கை சொல்லும் காலமல்ல. காற்றும் மழையும் மார்கழியில் அந்தக் கரைக்குப் புதிதுமல்ல. கடல் ஊருக்குள் வரும் என்று பாம்பனில் இருந்த யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்துச் சிக்னல் கைகாட்டி மரம். ஸ்டேஷனில் நெம்புகோலை இழுத்தால், நீளமான கம்பி வழியே இழுபட்டுத் தூரத்தில் கை இறங்கும். கை இறங்கினால் வண்டி வரலாம். இறங்காவிட்டால் வெளியே நிற்க வேண்டும். தனுஷ்கோடிக்கு முன்னால் அந்தக் கை இறங்கவில்லை. கம்பி அறுந்ததா, இழுக்க வேண்டிய ஸ்டேஷனே அப்போது தண்ணீருக்குள் இருந்ததா? சிக்னல் வேலை செய்யவில்லை என்பது மட்டும் உறுதி. டிரைவர் காத்திருந்துவிட்டு, நீளமாக விசில் ஊதிக்கொண்டு, துணிந்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. வண்டியில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்காததால், சொல்லப்படுகிறது என்றுதான் நானும் எழுதுகிறேன்.

நள்ளிரவைத் தாண்டிய நேரம். ஸ்டேஷனுக்கு இன்னும் சில நூறு கெஜம்தான் பாக்கி. இருட்டில் கடல் எழுந்தது. 20 அடிக்கு மேல் உயரமான அலை. 6 பெட்டிகளும் எஞ்சினும் ஒரே அடியில் புரண்டன.

டிரைவர் எட்டிப் பிடிக்க முயன்ற ஸ்டேஷனும் அதே நேரத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. பிளாட்பாரம், குடியிருப்பு, ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, கப்பல் துறை. இரண்டு கடலும் அந்த மணல் நாடாவின் மேல் கைகோத்துக்கொண்டன. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அந்தப் புயல் கொண்டுபோன உயிர்கள் ஏறக்குறைய 1,800.

விடிந்தது டிசம்பர் 23. சென்னையில் ரயில்வே தலைமையகத்துக்கு 653 எங்கே என்று தெரியாது. தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டன. ஒரு முழு ரயில், அதில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள். எங்கோ தாமதமாக நிற்கிறது என்று நம்ப இடமிருந்தது. மண்டபத்தில் இருந்த கடல்துறை மேற்பார்வையாளர் அனுப்பிய தகவலை வைத்துத் தலைமையகம் அறிக்கை வெளியிட்டபோது 48 மணி நேரம் கடந்திருந்தது. அந்த 48 மணி நேரமும் தங்கள் வீட்டு மனிதர்கள் உயிரோடிருப்பதாக நம்பிக்கொண்டிருந்த குடும்பங்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை மாநில அரசு அறிவித்தது. சட்டப்படி ஊர் முடிந்தது. மீனவர்கள் திரும்பி வந்து கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். கடலை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்? ரயில் மட்டும் திரும்பவில்லை. அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை போட்டபிறகு தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியே காரில் போகிறார்கள். இடிந்த மாதா கோயில் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஸ்டேஷன் சுவர்களையும் தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்பது என் வேண்டுகோள். ராமேஸ்வரத்திலிருந்து மறுபடி தனுஷ்கோடிக்குப் பாதை போட 2019-ல் அடிக்கல்கூட நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை.

1964 டிசம்பருக்குத் திரும்புவோம். ஏனென்றால் அழிந்தது தனுஷ்கோடி மட்டுமல்ல.

பாம்பன் பாலத்தைப் பார்க்கப் போனவர்கள் திகைத்து நின்றார்கள். 145 கண்களில் 126 கண்களின் கர்டர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது; அதற்கு இருபுறமும் வெறும் தூண்கள். அன்று தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது வந்தது 1988-ல். ரயில் பாலம் அறுந்ததும் ராமேஸ்வரம் மறுபடி நடுக்கடல் தீவாகிவிட்டது. கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள், யாத்திரைக்கு வந்தவர்கள், வீடிழந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். அரிசியும் மருந்தும் இந்தப் பக்கம்.

பாலத்தைச் சரிசெய்ய 6 மாதம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். தெற்கு ரயில்வே பொது மேலாளர் பி.சி. கங்கூலி அதை ஒப்புக்கொள்ளவில்லை. 3 மாதம்; அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்றார். பொறுப்பு 32 வயது எஞ்சினியர் ஒருவரிடம் வந்தது. கேரளத்துக்காரர். பெயர் ஈ. ஸ்ரீதரன். கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அவர் பெயரோடு சேர இன்னும் பல வருடம் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருந்தவரை அழைத்து, 126 கண்கள் இல்லாத ஒரு பாலத்தைக் கையில் கொடுத்தார்கள்.

முதல் சிக்கல் இரும்பு. 126 கர்டர்களைப் புதிதாக எங்கே வார்ப்பது? வார்த்தாலும் எப்போது வந்து சேரும்? நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய கர்டர்களைத் திரட்டிக் கொண்டுவரலாமா என்று யோசித்தார்கள். அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கவும், இறக்கி ஏற்றவும், வேறு பாலத்துக்குச் செய்தவற்றை இந்தத் தூண்களுக்கு ஏற்ப மாற்றவும் ஆகும் நாட்களைக் கூட்டினால் 3 மாதம் எந்த மூலைக்கு? இன்னொரு பக்கம், ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேர் இந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் வந்தாக வேண்டும். கப்பல் இனி தனுஷ்கோடியைத் தொட முடியாது, ராமேஸ்வரத்தைத் தொடலாம். ஆனால் பாலம் இல்லாமல் ராமேஸ்வரத்தில் இறங்கி எங்கே போவார்கள்?

அப்போது மீனவர்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள்.

கர்டர்கள் எங்கும் போகவில்லை. பாலத்திலிருந்து தூரத்தில், கடலடி மணலில் கிடக்கின்றன. எங்களுக்கு இடம் தெரியும்.

ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ள இரும்பு. புயலில் முறுக்கப்பட்டு நீருக்கடியில் புதைந்து கிடப்பது. அதைத் தூக்க முடியுமா? தூக்கிவிட்டாலும், கடல் ஒரு முறை பிய்த்தெறிந்ததை அதே தூணில் உட்கார வைத்து அதன் மேல் ரயிலை விடும் தைரியம் யாருக்கு வரும்?

ஸ்ரீதரன் படகைத் தயார் செய்யச் சொன்னார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கடலடியில் 126 கர்டர்கள். தலைமன்னாரை நோக்கி மலையகத்திலிருந்து கிளம்பும் ஒப்பாரிக் கோச்சி.